பிந்திய வயதில் கர்ப்பம்: சோதனை செய்வதா, விடுவதா?

"சாமி, எனக்கு நாப்பது வயசு. மூத்தவளுக்குக் கல்யாணம் பேசுற நேரத்துல இப்படி ஆயிருச்சு. கிளினிக்குல, வயசு கூடிருச்சு, புள்ளைக்கு ஏதும் குறை இருக்கான்னு டெஸ்ட் பண்ணலாம்னு சொன்னாங்க. செய்யவா, வேணாமா?"

இப்படிப்பட்ட கேள்விகள் ஊவாவின் தோட்டங்களில் எம்மிடம் வருகின்றன. வெட்கத்தினால் கேட்காமலே இருந்துவிடுபவர்களும் உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழை பதுளை மாவட்டத்தை மீண்டும் உலுக்கியது. வீட்டையும் மரக்கறித் தோட்டத்தையும் விட்டு வந்த குடும்பத்துக்கு எதிர்பாராத கர்ப்பமே பெரிய கவலை. அதன்மேல் இந்தச் சோதனைக் கவலையும் சேர்ந்தால் மனம் தடுமாறுவது இயல்பே. ஆகவே இச்சோதனைகள் எவை, அவை எதைச் சொல்லும், எதைச் சொல்லா என்பதை இங்கே விளக்க முயல்கின்றோம்.

வயது ஏன் முக்கியம்?

நமது உடலின் ஒவ்வொரு உயிரணுவிலும் 46 நிறமூர்த்தங்கள் உள்ளன. தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி. பெண் பிறக்கும்போதே அவளது கருமுட்டைகளும் உருவாகிவிடுகின்றன. அவள் வயதுடன் அவற்றுக்கும் வயது ஏறுகின்றது. முட்டை பிரியும்போது சில வேளைகளில் ஒரு நிறமூர்த்தம் கூடுதலாகத் தங்கிவிடும். 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதே டவுன் சின்ட்ரோம். இந்நிலையை 1866இல் விவரித்தவர் ஆங்கில மருத்துவர் லாங்டன் டவுன். அதன் காரணம் 1959இல் பிரான்சில் வெளியிடப்பட்டது. அதில் முக்கிய பங்கு வகித்த ஜெரோம் லெஜூன் ஆழ்ந்த பக்தியுள்ள கத்தோலிக்க மருத்துவர்.

இது கருத்தரிக்கும்போதே முடிவாகிவிடும் ஒன்று. மண்சரிவில் பயந்ததாலோ, முகாமில் கிடைத்த சாப்பாட்டாலோ, கிரகணத்தாலோ, யாருடைய சாபத்தாலோ வருவதன்று. மருமகள்மீது பழி போடும் மாமியார்மார் இதைக் கவனிக்க வேண்டும்.

டவுன் சின்ட்ரோமுடன் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ இவ்வாறு அமையும்: தாய்க்கு 30 வயதில் 900இல் ஒன்று, 35 வயதில் 350இல் ஒன்று, 40 வயதில் 100இல் ஒன்று, 45 வயதில் 30இல் ஒன்று. வாய்ப்பு கூடுகின்றது என்பது உண்மை. ஆயினும் நாற்பது வயதுத் தாய்மார் நூறு பேரில் 99 பேரின் பிள்ளைகளுக்கு இந்நிலை இல்லை என்பதும் அதே கணக்குத்தான்.

இரண்டு வகைச் சோதனைகள்

முதல் வகை, வாய்ப்பைக் கணிப்பவை. 11ஆம் கிழமை முதல் 14ஆம் கிழமைக்குள் ஸ்கேன் செய்து குழந்தையின் பிடரியில் உள்ள நீரின் அளவைப் பார்த்து, அத்துடன் தாயின் இரத்தத்தையும் சோதிப்பது ஒன்று. தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் நச்சுக்கொடியின் மரபணுத் துணுக்குகளை ஆராய்வது மற்றொன்று. இதை 10ஆம் கிழமையிலிருந்து செய்யலாம். இது மிகவும் நுட்பமானது. ஆனால் தனியார் நிலையங்களில் இதற்காகும் செலவு தோட்டத் தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டக்கூடும்.

இவற்றால் குழந்தைக்குத் தீங்கு இல்லை. ஆனால் இவை இறுதித் தீர்ப்பும் அல்ல. "வாய்ப்பு அதிகம், 250இல் ஒன்று" என முடிவு வந்தால், அதே முடிவைப் பெறும் 250 தாய்மாரில் 249 பேரின் பிள்ளைகளுக்கு டவுன் சின்ட்ரோம் இராது. "வாய்ப்பு குறைவு" என்று வந்தால் முழு உத்தரவாதமும் ஆகாது. ஒரு தாளில் உள்ள இலக்கத்தைப் பார்த்து அழுதுகொண்டு வீடு திரும்ப வேண்டாம். அதன் பொருளை வைத்தியரிடம் கேட்டறிந்த பின்னரே திரும்புங்கள்.

இரண்டாவது வகை, உறுதிப்படுத்துபவை. 11 முதல் 14 கிழமைக்குள் நச்சுக்கொடியிலிருந்து சிறு துணுக்கை எடுப்பது, அல்லது 15 கிழமைக்குப் பின் ஊசி மூலம் பனிக்குட நீரை எடுப்பது. இவை ஏறக்குறைய நிச்சயமான விடையைத் தரும். ஆனால் இவற்றால் கரு கலைந்துபோகும் ஆபத்து சிறிதளவு உண்டு. அனுபவம் மிக்கவர் செய்தால் அது இருநூறில் ஒன்றுக்கும் குறைவு. எல்லா வைத்தியசாலைகளிலும் இவை செய்யப்படுவதில்லை. எங்கே செய்யலாம், என்ன செலவாகும் என்பதை மகப்பேற்று நிபுணரிடம் கேட்டறிய வேண்டும்.

திருச்சபையும் சட்டமும்

"சோதனை செய்வது பாவமா?" என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. தாய்க்கும் பிள்ளைக்கும் அளவுமீறிய ஆபத்து இல்லாமல், சிகிச்சைக்காகவோ பிள்ளையை மன அமைதியுடன் ஏற்கத் தயாராவதற்காகவோ செய்யும் சோதனையைத் திருச்சபை ஏற்கின்றது. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1995இல் வெளியிட்ட உயிரின் நற்செய்தி பற்றிய சுற்றுமடல் இதைத் தெளிவாக்குகின்றது. பிள்ளையை அழிக்கும் நோக்குடன் செய்யும் சோதனையையே அது மறுக்கின்றது.

இலங்கைச் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின்படி, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கமின்றிக் கருவைக் கலைப்பது குற்றம். கடுமையான குறைபாடுள்ள கரு தொடர்பாக 2017இல் முன்வைக்கப்பட்ட திருத்த யோசனை சட்டமாகவில்லை. சோதனை முடிவைக் கேட்டுப் பயந்து, ஒளிவுமறைவாகச் செய்பவர்களிடம் போய்த் தாயின் உயிருக்கே ஆபத்தைத் தேடிக்கொள்ள வேண்டாம்.

மூன்று கேள்விகள்

சோதனைக்குப் போகுமுன் கணவனும் மனைவியும் தனியாக அமர்ந்து இவற்றைப் பேசிக்கொள்வது நல்லது.

1. விடை தெரிந்தால் நாம் என்ன செய்வோம்? மனதைத் தயார்ப்படுத்தவும், வசதியுள்ள வைத்தியசாலையில் பிரசவம் பார்க்கவும் அந்த விடை உதவும் என்றால் சோதனைக்குப் பயன் உண்டு. எது வந்தாலும் எமக்கு ஒன்றுதான் என்றால், வேண்டாம் எனச் சொல்லவும் உரிமை உண்டு.

2. எது எமக்குக் கடினம்: தெரிந்துகொள்வதா, தெரியாமல் பிரசவம் வரை காத்திருப்பதா? இதில் ஒருவருக்கொருவர் வேறுபடுவர். சுமப்பவள் மனைவி என்பதால் அவளுடைய சொல்லுக்கே முதலிடம்.

3. செலவு எவ்வளவு? நகையை அடகு வைத்துச் செய்யும் சோதனையை விட அந்தப் பணம் தாயின் சாப்பாட்டுக்குக் கூடுதலாக உதவாதா?

செய்வதும் செய்யாமல் விடுவதும் இரண்டுமே பொறுப்புள்ள முடிவுகளே. யாரும் வற்புறுத்தக் கூடாது. கையொப்பம் இடுமுன் தமிழில் விளக்கம் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழியே. சிங்களம் நன்கு தெரிந்த ஒருவரைக் கூட அழைத்துச் செல்லலாம்.

தவறவிடக் கூடாதவை

மேற்சொன்ன சோதனைகளை விட்டாலும் சிலவற்றை விடவே கூடாது. பிந்திய வயதில் உயர் இரத்த அழுத்தமும் சீனி வருத்தமும் டவுன் சின்ட்ரோமை விட அதிகமாகக் காணப்படுகின்றன. தாயின் உயிருக்கு ஆபத்து வருவது அவற்றால்தான். தோட்டங்களில் இரத்தச்சோகையும் உண்டு. எனவே பிரஷர், சீனி, இரத்தம் ஆகியவற்றைக் கிளினிக்கில் தவறாமல் பார்க்க வேண்டும். போலிக் அமில மாத்திரையையும் தொடக்கத்திலிருந்தே எடுக்க வேண்டும்.

18 முதல் 22 கிழமைக்குள் செய்யும் ஸ்கேன் குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும். டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு இருதயக் குறைபாடு இருக்கும். அது முன்கூட்டியே தெரிந்தால், பாதி இரவில் ஆட்டோ தேடி ஓடாமல், பதுளைப் பெரியாஸ்பத்திரி போன்ற இடத்தில் பிரசவத்தை ஒழுங்குசெய்யலாம்.

இடம்பெயர்ந்தவர்களுக்கு ஒரு விசேட வேண்டுகோள். இச்சோதனைகள் எல்லாம் கிழமைக் கணக்கில் நடப்பவை. நாள் கடந்தால் வாய்ப்பும் போய்விடும். முகாமிலோ உறவினர் வீட்டிலோ இருந்தாலும், இப்போது வசிக்கும் பகுதியின் மிட்வைஃபிடம் உடனே பதியுங்கள். பழைய விலாசம் தடையல்ல. கிளினிக் கார்ட் மண்ணோடு போயிருந்தால் புதியது கேளுங்கள். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் கலண்டரில் குறித்து வைத்திருங்கள். வேறிடம் மாறினால் இரு பகுதி மிட்வைஃப்மாருக்கும் சொல்லுங்கள்.

டவுன் சின்ட்ரோமுடன் ஒரு பிள்ளை பிறந்தால், அது நடக்கும், பேசும், பாடசாலை போகும், சற்றுத் தாமதமாக. பலர் வளர்ந்து வேலையும் செய்கின்றனர். அப்பிள்ளையைத் தாய் ஒருத்தியே சுமக்கும்படி விட்டால் குற்றம் நம்முடையது. பிள்ளைமடுவத்தில் இடம் கொடுப்பதும், கிளினிக் நாளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அயலவர் செய்யக்கூடியவை.

ஆகவே, "செய்யவா, வேணாமா?" என்று கேட்ட அந்தத் தாய்க்கு எமது பதில் இதுதான்: அம்மா, அதை நாம் சொல்ல முடியாது. இந்தக் கிழமையே கிளினிக்குக்குப் போங்கள். வீட்டுக்காரரையும் கூட்டிப் போங்கள். கேட்டு, விளங்கி, இருவரும் பேசி முடிவெடுங்கள். எந்த முடிவானாலும் நாம் உங்களோடு இருப்போம்.