காய்த்துக் குலுங்கிய மரம் திடீரென பட்டுப்போவது ஏன்? ஆரஞ்சு, எலுமிச்சையைத் தாக்கும் 'சோக' வைரஸும், அதைச் சுமக்கும் அசுவினியும்!

மரம் நிறைய பழம். ஆனால் இலைகள் வாடித் தொங்குகின்றன. தண்ணீர் பாய்ச்சினாலும் நிமிரவில்லை. உரம் போட்டாலும் துளிர்க்கவில்லை. சில வாரங்களில் பழங்கள் கிளையிலேயே சுருங்க, மரம் நின்ற இடத்திலேயே பட்டுப்போகிறது.

1930-களில் அர்ஜென்டினா, பிரேசில் நாட்டு ஆரஞ்சு விவசாயிகள் பார்த்தது இந்தக் காட்சியைத்தான். பிறகு கலிஃபோர்னியா, ஸ்பெயின், வெனிசுலா என்று வரிசையாக இதே கதை. உலகம் முழுக்க இந்த நோயால் அழிந்த மரங்கள் சுமார் 10 கோடி இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு.

இதில் பெரிய சிக்கல் என்னவென்றால், மரம் வாடுவது கண்ணுக்குத் தெரியும்போது நோய் வந்து பல மாதங்கள், சில நேரம் வருடங்களே ஆகியிருக்கும். அதற்குள் பக்கத்து மரங்களுக்கும் போயிருக்கும். அதனால்தான் நன்றாக இருக்கும் மரத்திலிருந்தும் இலையைப் பறித்து சோதிக்கிறார்கள். இலையில் உட்கார்ந்திருக்கும் அசுவினியையும் பிடித்து எண்ணுகிறார்கள். ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? பார்க்கலாம்.

அது என்ன 'டிரிஸ்டெசா'?

போர்ச்சுகீசிய மொழியில் 'டிரிஸ்டெசா' என்றால் சோகம். வாடிப்போய் சோகமாக நிற்கும் மரத்தைப் பார்த்து பிரேசிலில் வைத்த பெயர் இது. பிறகு நோய்க்கும், அதை உண்டாக்கும் வைரஸுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

ஆரம்பத்தில் இது மண் பிரச்னையா, வேர் பிரச்னையா என்று குழம்பினார்கள். நோயுற்ற மரத்தின் குச்சியை நல்ல செடியில் ஒட்டினால் நல்ல செடிக்கும் நோய் வருகிறது, அசுவினி மூலமாகவும் பரவுகிறது என்பது 1946-ல் ஆய்வுகளில் தெரியவந்தது. அப்போதுதான் இது வைரஸ் வேலை என்பது உறுதியானது.

கொரோனாவைப் போலவே இதுவும் ஆர்.என்.ஏ வைரஸ். ஆனால் மனிதர்களுக்கு இதனால் எந்த ஆபத்தும் இல்லை. நோயுற்ற மரத்தின் பழத்தை தாராளமாக சாப்பிடலாம்.

மரத்தைக் கொன்றது எது?

இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது. ஆரஞ்சு மரம் பெரும்பாலும் ஒரே மரம் கிடையாது. கீழே ஒரு வகை, மேலே ஒரு வகை. கீழே இருப்பது வேர்ச்செடி. அதன் மேல் நல்ல பழம் தரும் ரகத்தின் மொட்டை வைத்து ஒட்டுவார்கள்.

1842 வாக்கில் அசோர்ஸ் தீவுகளில் ஆரஞ்சு மரங்களை வேரழுகல் நோய் சூறையாடியது. அதற்குத் தீர்வாகக் கிடைத்ததுதான் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடி. வேரழுகலைத் தாங்கும், குளிரைத் தாங்கும், பழமும் தரமாக இருக்கும். அடுத்த 100 ஆண்டுகளில் பல நாடுகள் இந்த ஒரே வேர்ச்செடிக்கு மாறின.

டிரிஸ்டெசா வந்து அடித்தது சரியாக அந்தக் கூட்டணியைத்தான். மேலே சாத்துக்குடி, ஆரஞ்சு போன்ற இனிப்பு ரகம், கீழே புளிப்பு ஆரஞ்சு வேர் என்று இருந்தால், ஒட்டு சேரும் இடத்தில் பட்டைக்குள் இருக்கும் சத்துக் குழாய்களை இந்த வைரஸ் செயலிழக்க வைக்கிறது. இலை தயாரித்த உணவு வேருக்குப் போய்ச் சேராது. வேர் பட்டினி கிடந்து சாகும். வேர் போனால் தண்ணீர் மேலே ஏறாது. அதனால்தான் ஈர மண்ணில் நின்றுகொண்டே மரம் வாடுகிறது.

அதே வைரஸ் வேறு வேர்ச்செடி உள்ள மரத்தில் இருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. மரம் வழக்கம்போல் காய்க்கும். ஆனால் உள்ளே வைரஸ் இருக்கும், அசுவினி வந்தால் எடுத்துக்கொண்டு போகும். வெளியே தெரியாத இந்த மரங்கள்தான் ஆய்வுக் குழுக்களுக்குப் பெரிய தலைவலி.

அசுவினி என்ன செய்கிறது?

இளங்கொழுந்தில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சிதான் அசுவினி. ஆண் பூச்சி இல்லாமலே பெண் அசுவினி நேரடியாக குட்டி போடும். குட்டி சுமார் ஒரு வாரத்தில் தாயாகிவிடும். கூட்டம் அதிகமானாலோ, கொழுந்து முற்றினாலோ இறக்கை முளைத்த அசுவினிகள் உருவாகி அடுத்த மரத்துக்குப் பறக்கும்.

நோயுள்ள மரத்தில் சில நிமிடங்கள் முதல் சில மணி நேரம் சாறு குடித்தாலே வைரஸ் அதன் வாய்ப்பகுதியில் ஒட்டிக்கொள்ளும். ஆனால் அங்கேயே நிரந்தரமாக இருக்காது. ஓரிரு நாட்களில் அந்த அசுவினி பரப்பும் திறனை இழந்துவிடும். அதன் குட்டிகளுக்கும் வைரஸ் போகாது.

அப்போ மருந்தடித்து கொன்றால் போதுமே என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். வெளியிலிருந்து பறந்து வரும் அசுவினி, மருந்து வேலை செய்து சாவதற்குள் வைரஸை இறக்கிவிடும். தோட்டத்தில் மருந்தடிப்பதால் மட்டும் டிரிஸ்டெசாவை நிறுத்த முடியாது.

எல்லா அசுவினியும் ஒன்றல்ல என்பது இன்னொரு விஷயம். இதில் முதல் குற்றவாளி, 'பழுப்பு சிட்ரஸ் அசுவினி'. வளர்ந்ததும் பளபளப்பான கருப்பாக இருக்கும். இரண்டாவது, பருத்தியிலும் முலாம்பழத்திலும் வாழும் பருத்தி அசுவினி. சோதனைக்கூட ஒப்பீடுகளில் பழுப்பு அசுவினி, பருத்தி அசுவினியைவிட 6 முதல் 25 மடங்கு திறமையாக வைரஸைப் பரப்பியிருக்கிறது.

பருத்தி அசுவினி மட்டும் இருக்கும் இடங்களில், தோட்டத்தில் 5 சதவீத மரங்களில் இருக்கும் நோய் 95 சதவீதத்தைத் தொட 8 முதல் 15 ஆண்டுகள் ஆகிறது. பழுப்பு அசுவினி வந்துவிட்டால் அதே வேலை 2 முதல் 4 ஆண்டுகளில் முடிந்துவிடுகிறது. வெனிசுலாவுக்கு இந்த அசுவினி 1970-களில் வந்தது. 1980-ல் நோய் வெடித்தது. அடுத்த சில ஆண்டுகளில் 60 லட்சத்துக்கும் அதிகமான மரங்கள் காலி.

மரங்களில் சர்வே எப்படி நடக்கிறது?

ஆரம்ப காலத்தில் இதற்கு ஒரு 'காட்டிக்கொடுக்கும் செடி' இருந்தது. சந்தேகப்படும் மரத்தின் குச்சியை எலுமிச்சை கன்றில் ஒட்டிவிட்டு காத்திருப்பார்கள். வைரஸ் இருந்தால் இலை நரம்புகள் வெளுத்துத் தெரியும், இலை கிண்ணம் போலக் குவியும். உலகம் முழுக்க 'மெக்சிகன் லைம்' என்ற பெயரில் இதற்குப் பயன்பட்டது வேறெதுவும் இல்லை, நம்மூர் சர்பத்துக்குப் பிழியும் சாதாரண எலுமிச்சை இனம்தான். ஆனால் முடிவு தெரிய வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஆகும்.

1979-ல் எலைசா சோதனை இந்த வைரஸுக்கும் வந்தது. டெங்கு பரிசோதனைக்குப் பயன்படும் அதே தொழில்நுட்பம். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சோதிக்க முடிந்தது. இப்போது கொரோனா காலத்தில் எல்லோருக்கும் பழக்கமான ஆர்.டி-பிசிஆரும் இருக்கிறது.

வைரஸ் மரம் முழுக்க ஒரே அளவில் பரவியிருக்காது. அதனால் மரத்தின் நான்கு பக்கமும் இலை பறிக்கிறார்கள். கடும் வெயிலில் வைரஸ் அளவு குறையும் என்பதால், மிதமான பருவத்தில் மாதிரி எடுப்பது வழக்கம்.

லட்சக்கணக்கான மரங்கள் இருந்தால்? நான்கு மரங்களை ஒரு குழுவாக வைத்து, நான்கின் இலைகளையும் சேர்த்து ஒரே சோதனையாகச் செய்கிறார்கள். ஒரு உதாரணக் கணக்கு: 100 குழுக்களில், அதாவது 400 மரங்களில், 19 குழுக்களுக்கு 'பாசிட்டிவ்' வந்தால் நோயுள்ள மரங்கள் சுமார் 5 சதவீதம். 19 மரம்தானே என்று நினைக்கக் கூடாது. சில குழுக்களில் இரண்டு மரங்களுக்கு நோய் இருக்கலாம், அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 400 சோதனைக்குப் பதில் 100 சோதனையில் தோட்டத்தின் நிலவரம் தெரிந்துவிடுகிறது.

அசுவினியை எப்படி எண்ணுகிறார்கள்?

அசுவினிக்கு மஞ்சள் நிறம் என்றால் இஷ்டம். மஞ்சள் தட்டில் தண்ணீர் வைத்தால் வந்து விழும். ஆனால் தட்டில் விழுவது வேறு, மரத்தில் இறங்குவது வேறு. அதனால் கொழுந்துக் கிளையிலேயே பசை பூசி வைத்து, உண்மையில் மரத்துக்கு வரும் அசுவினிகளைப் பிடிக்கும் முறையும் உண்டு.

பிடித்த பூச்சிகளை லென்ஸ் வைத்து இனம் பிரிப்பார்கள். கருப்பாக இருக்கும் இரண்டு இனங்களைப் பிரித்துச் சொல்ல, முன் இறக்கையின் நடு நரம்பு ஒரு முறை கிளைக்கிறதா, இரண்டு முறையா என்று பார்க்கிறார்கள். பழுப்பு சிட்ரஸ் அசுவினிக்கு வழக்கமாக இரண்டு முறை. ஒற்றை அசுவினியின் உடம்பில் வைரஸ் இருக்கிறதா என்பதைக்கூட இன்று பிசிஆரில் பார்த்துவிடலாம்.

ஸ்பெயின் தோட்டங்களில் நடந்த இப்படியான ஆய்வில் ஒரு முக்கியமான விஷயம் தெரிந்தது. அங்கே அதிகமாக வந்தது பச்சை நிற அசுவினி இனம். ஆனால் நோயை முக்கியமாகப் பரப்பியது எண்ணிக்கையில் குறைவான பருத்தி அசுவினி. தலையை மட்டும் எண்ணியிருந்தால் தப்பான பூச்சியைத் துரத்திக்கொண்டிருப்பார்கள்.

வெட்டுவதா, சேர்ந்து வாழ்வதா?

இந்த நோய்க்கு மருந்து இல்லை. இருப்பது இரண்டே வழி. நோயுள்ள மரங்களைத் தேடித்தேடி வெட்டுவது ஒன்று. வைரஸோடு வாழப் பழகுவது இன்னொன்று. எந்த வழி என்பதை முடிவு செய்வது சர்வேயில் கிடைக்கும் சதவீதமும், ஊரில் எந்த அசுவினி இருக்கிறது என்பதும்தான்.

கலிஃபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு முதல் வழியில் போனது. 1960-களில் இதற்கென்றே தனி அமைப்பு உருவாக்கி, மரம் மரமாகச் சோதித்து, நோயுள்ளதை அகற்றினார்கள். நோய் குறைவாக இருந்தவரை இது எடுபட்டது. பின்னாளில் எல்லா வைரஸ் மரத்தையும் வெட்டாமல், வீரியமான வகை இருக்கும் மரங்களை மட்டும் குறிவைக்கும் நிலைக்கு வந்தார்கள்.

ஸ்பெயினுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 1957-ல் வலென்சியா பகுதியில் நோய் தென்பட்டது. புளிப்பு ஆரஞ்சு வேரில் நின்ற 4 கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் அங்கே பறிபோயின. அதனால் வேர்ச்செடியையே மாற்றினார்கள். 1975-ல் தொடங்கிய திட்டத்தில், வைரஸ் எட்டாத நுனிக்கொழுந்தை மட்டும் எடுத்து ஆய்வகத்தில் ஒட்டி, சுத்தமான தாய் மரங்களை உருவாக்கினார்கள். இன்று அங்கே வைரஸ் இருக்கிறது, ஆனால் பழைய மாதிரி மரங்கள் கொத்துக்கொத்தாகச் சாவதில்லை.

பிரேசில் இன்னொரு வழி கண்டது. வீரியம் குறைந்த வைரஸை முன்கூட்டியே மரத்தில் ஏற்றிவிட்டால், வீரியமான வைரஸ் வந்தாலும் பாதிப்பு குறைகிறது. கிட்டத்தட்ட தடுப்பூசி மாதிரி. 1980 வாக்கிலேயே 80 லட்சம் 'பேரா' ஆரஞ்சு மரங்கள் இப்படி வளர்க்கப்பட்டன.

இந்தியாவில் என்ன நிலை?

சிட்ரஸ் குடும்பத்தின் பூர்வீகமே இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்கிறது 2018-ல் 'நேச்சர்' இதழில் வந்த மரபணு ஆய்வு. அசாமும் அந்தப் பகுதியில் அடக்கம். பழுப்பு சிட்ரஸ் அசுவினியும் ஆசியாவைச் சேர்ந்ததுதான். அதாவது வைரஸ், அசுவினி இரண்டுமே இங்கே இருக்கின்றன. இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் காலிம்போங் மையம், டார்ஜிலிங் மலைப்பகுதி கமலா ஆரஞ்சு தோட்டங்களில் இந்த நோயை ஆய்வு செய்துவருகிறது.

புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடி இங்கே பெரிதாகப் பயன்படாததால், தென் அமெரிக்கா மாதிரி ஒட்டுமொத்த சாவு நடக்கவில்லை. ஆனால் நாம் தப்பித்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. எலுமிச்சைக்கு வேர்ச்செடியே தேவையில்லை, சொந்த வேரில் நின்றாலும் வைரஸ் பாதிக்கும். தண்டின் மரப்பகுதியில் குழி விழும், மரம் குட்டையாகும், காய்ப்பு வருடா வருடம் இறங்கும். புளியங்குடி போல எலுமிச்சையை நம்பி ஊரே இயங்கும் இடங்களுக்கு இது முக்கியமான தகவல். திடீர் சாவு என்றால் உடனே தெரியும். மெதுவான சரிவை மண்ணின் மேலும் மழையின் மேலும் போட்டுவிடுவோம்.

விவசாயிகள் கவனிக்க வேண்டியவை

* கொழுந்து இலையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். நரம்புகள் துண்டு துண்டாக வெளுத்திருந்தால் சந்தேகப்படலாம்.
* பென்சில் தடிமனுள்ள எலுமிச்சைக் குச்சியின் பட்டையை உரித்துப் பாருங்கள். உள்ளே மரப்பகுதியில் ஊசியால் குத்தியது போல நீளக் குழிகள் இருந்தால் வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்திலோ தோட்டக்கலைத் துறையிலோ காட்டுங்கள்.
* மஞ்சள் இலையெல்லாம் டிரிஸ்டெசா இல்லை. சத்துக்குறைபாடு, வேரழுகல், சிட்ரஸ் 'கிரீனிங்' நோய் எல்லாமே ஏறக்குறைய இப்படித்தான் தெரியும். கிரீனிங் என்பது பாக்டீரியா நோய், அதைப் பரப்புவது சில்லிட் என்ற வேறு பூச்சி. சோதனை இல்லாமல் முடிவுக்கு வராதீர்கள்.
* நன்றாகக் காய்க்கிறதே என்று பக்கத்துத் தோட்டத்து மரத்தில் ஒட்டுக்குச்சி வெட்டாதீர்கள். அசுவினி வைரஸை அடுத்த தோட்டம் வரை கொண்டுபோகும். மனிதன் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனது இந்தக் குச்சிகள் வழியாகத்தான்.
* சோதிக்கப்பட்ட தாய் மரத்திலிருந்து வந்த கன்றா என்று நர்சரியில் கேட்டு வாங்குங்கள். சிட்ரஸ் விதை வழியாக இந்த வைரஸ் பரவுவதில்லை. ஆனால் விதைக்கன்றும் திறந்தவெளியில் வளரும்போது அசுவினியிடம் மாட்டும், அதனால் வலைக்குடிலில் வளர்த்த கன்றுதான் நல்லது.

ஒரு மரம் பட்டுப்போனால் உடனே வேறு கன்றை அதே குழியில் நட்டுவிடுவது நம்மூர் பழக்கம். அதற்கு முன், நன்றாக நிற்கும் சுற்றியுள்ள நாலு மரத்தின் இலையையும் ஒருமுறை சோதனைக்குக் கொடுத்துவிட்டு நடுவது நல்லது.