டார்வின் பிடித்த வண்டுக்குப் பெயர் வைக்க 182 ஆண்டுகள்

1832-ல் அர்ஜென்டினாவின் பாஹியா பிளாங்கா பகுதியில் டார்வினுக்கு இரண்டு விதமான வேட்டை நடந்தது. கடற்கரை மேட்டைக் குடைந்து, என்றோ அழிந்துபோன ராட்சதப் பாலூட்டிகளின் எலும்புகளை எடுத்தார். அதே வட்டாரத்தில் பூச்சிகளையும் பிடித்துச் சேர்த்தார். எலும்புகளுக்கு விரைவிலேயே மரியாதை கிடைத்தது. 1838-க்கும் 1840-க்கும் இடையில் அவற்றின் முழு விவரமும் படங்களோடு அச்சாகிவிட்டது. ஆனால் பூச்சிகளில் ஒன்றான ஒரு வண்டு பெயரில்லாமலே கிடந்தது. அதற்குப் பெயர் கிடைத்த நாள் 2014 பிப்ரவரி 12. அன்று டார்வினின் பிறந்தநாள்.

டார்வினிலஸ் செடாரிசி. இனத்துக்கு மட்டுமல்ல, பேரினத்துக்கே புதுப்பெயர். அதாவது, ஏற்கெனவே தெரிந்த எந்த வண்டுக் கூட்டத்திலும் அதைச் சேர்க்க முடியவில்லை. தலையில் உலோகப் பச்சை மினுமினுப்பு, உணர்கொம்பின் கணுக்களில் ரம்பப் பல் போன்ற அமைப்பு. இவ்வளவு தனித்த அடையாளம் உள்ள பூச்சி, உலகத்தின் மிகப் பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் தொலைந்துபோனதாகவே கருதப்பட்டது.

இது ரோவ் வண்டுக் குடும்பம். மழைக்காலத்தில் டியூப்லைட்டைச் சுற்றி வந்து, தோலில் நசுங்கினால் கொப்பளிக்க வைக்கும் கறுப்பு ஆரஞ்சுப் பூச்சியை விடுதியில் தங்கிப் படித்தவர்களுக்குத் தெரியும். அதுவும் இந்தக் குடும்பம்தான். நெல் வயலில் புகையானைத் தின்று விவசாயிக்கு உதவுவதும் அதே பூச்சிதான். இந்தக் குடும்பத்து வண்டுகளுக்கு மேல் சிறகு குட்டையாக இருக்கும். வயிற்றின் பெரும்பகுதி திறந்தே கிடக்கும். பறப்பதற்கான நீண்ட சிறகுகளை அந்தக் குட்டைச் சிறகுக்கு அடியில் மடித்து மடித்துச் செருகி வைத்திருக்கும். பெயர் பெற்றவை மட்டும் 60,000 இனங்களுக்கு மேல். பெயர் பெறாதவை எத்தனையோ.

பெயர் வைப்பது என்றால் என்ன வேலை என்று பலருக்குத் தெரிவதில்லை. ஊசியில் குத்திக் காய்ந்து கிடக்கும் வண்டை முதலில் சுடுநீரில் ஊற வைத்து இளக்க வேண்டும். வயிற்றின் நுனியைத் திறந்து, ஆண் வண்டாக இருந்தால் அதன் இனப்பெருக்க உறுப்பைச் சேதமில்லாமல் வெளியே எடுக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒன்றாகவே இருக்கும் இரண்டு இனங்கள் பெரும்பாலும் அங்கேதான் வேறுபடும். பிறகு தாடை, உணர்கொம்பு, காலின் கடைசிக் கணு, முதுகில் உள்ள நுண்துளைகள் என ஒவ்வொன்றாகப் பார்த்து, அளந்து, வரைய வேண்டும். நெருங்கிய உறவினங்களின் மூல மாதிரிகள் எந்த நாட்டில் இருந்தாலும் வரவழைத்தோ நேரில் போயோ ஒப்பிட வேண்டும். நூறு ஆண்டுக்கு முந்தைய லத்தீன், ஜெர்மன், பிரெஞ்சு விவரிப்புகளைப் படிக்க வேண்டும். இத்தனைக்கும் பிறகு, "இது இதுவரை யாரும் எழுதாதது" என்று சொல்லும் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சல் இருபது வருடம் ஒரே குடும்பத்தைப் பார்த்த கண்ணுக்கு மட்டுமே வரும்.

டார்வினின் வண்டுக்கு அப்படி ஒரு கண் வாய்த்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் பேராசிரியர், வேறொரு பேரினத்தை ஆராய லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திடம் மாதிரிகளை இரவல் கேட்டார். வந்த பெட்டிக்குள் இதுவும் இருந்தது. மாதிரிகளைத் தயார் செய்யும் நேரங்களில் டேவிட் செடாரிஸ் என்ற அமெரிக்க எழுத்தாளரின் ஒலிப்புத்தகங்களைக் கேட்பது அவர் வழக்கம். அந்த நன்றிதான் பெயரின் பின்பாதி. அவர் அந்தப் பெட்டியைக் கேட்டிராவிட்டால் வண்டு இன்றைக்கும் அருங்காட்சியக இழுப்பறையில்தான் இருக்கும். ஆள் இருந்தால்தான் பெயர் வரும். எனக்கு உள்ள பெரும் கவலையே அந்த ஆள் பற்றியதுதான்.

புதிய இனம் ஒன்று சேகரிக்கப்பட்ட நாளுக்கும் விவரிக்கப்படும் நாளுக்கும் இடையில் சராசரியாக 21 ஆண்டுகள் ஓடுகின்றன என்று 2012-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஒரு மாணவர் ஆய்வில் சேர்ந்து, பட்டம் பெற்று, வேலை கிடைக்காமல் வேறு துறைக்குப் போய்விட அதில் பாதி போதும். வகைப்பாட்டியல் கட்டுரையை மற்ற விஞ்ஞானிகள் அதிகம் மேற்கோள் காட்டுவதில்லை. மேற்கோள் இல்லாவிட்டால் பதவி உயர்வு இல்லை, நிதி இல்லை. மூத்தவர் ஓய்வு பெறுகிறார், அவருடைய நாற்காலி வேறு துறைக்குப் போகிறது. அவர் கண்ணில் சேர்ந்திருந்த அறிவை யாரிடமும் ஒப்படைக்க முடிவதில்லை.

மரபணுவைப் படிக்கும் கருவி வந்துவிட்டது, இனி நிபுணர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கருவி உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒப்பிடுவதற்கு, நிபுணர் பெயரிட்டு வைத்த மாதிரி ஒன்று முதலில் இருக்க வேண்டுமே.

இழுப்பறையில் இருப்பது பத்திரமாக இருக்கும் என்ற நினைப்பும் வேண்டாம். 2018 செப்டம்பரில் ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் எரிந்தபோது சுமார் 50 லட்சம் பூச்சி மாதிரிகள் சாம்பலாயின. அவற்றில் யாரும் பெயர் வைக்காத இனங்கள் எத்தனை இருந்தன என்று இனி எண்ணவே முடியாது.

இயற்கை வாழிடத்திலும் நிலைமை அதுதான். 2014-ல் டார்வினிலஸ் விவரிக்கப்பட்டபோது உலகில் அறியப்பட்ட மாதிரிகள் இரண்டே இரண்டு. ஒன்று டார்வினுடையது. மற்றொன்று, பாஹியா பிளாங்காவிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே உள்ள ரியோ குவார்ட்டோவில் 1935-க்கு முன் பிடிக்கப்பட்டு, பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டு ஊர்களுக்கும் இடைப்பட்ட புல்வெளிகளில் பெரும்பகுதி இன்று விளைநிலம். வண்டு அங்கே உயிரோடு இருக்கிறதா என்பதே அப்போது சந்தேகமாக இருந்தது. பெயரில்லாத உயிர் அழிவுப் பட்டியலில் ஏறுவது அரிது. ஒரு நிலத்தை உழலாமா, அதில் சாலை போடலாமா என்று தீர்மானிக்கும் அறிக்கையிலும் அதற்கு ஒரு வரி கிடைக்காது. 1835-லேயே இதற்குப் பெயர் கிடைத்திருந்தால், அந்தப் புல்வெளியில் டிராக்டர் இறங்கும் முன் யாராவது ஒருவர் அதைத் தேடிப் போயிருக்கலாம்.