நூறு வழக்கறிஞர்கள், ஐம்பது லட்சம் மக்கள்

2002ஆம் ஆண்டு சியரா லியோனில் உள்நாட்டுப் போர் ஓய்ந்தது. அந்தச் சின்னஞ்சிறு மேற்கு ஆப்பிரிக்க நாட்டில் அப்போது ஏறத்தாழ 50 லட்சம் பேர் இருந்தார்கள். வழக்கறிஞர்கள் சுமார் 100 பேர். அவர்களிலும் 90க்கும் மேற்பட்டவர்கள் தலைநகர் ஃப்ரீடவுனிலேயே தொழில் செய்தார்கள். மற்ற மாவட்டங்கள் எல்லாவற்றுக்குமாகச் சேர்த்து மிஞ்சியவர்களைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். இந்தியாவில் ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒரு வழக்கறிஞர் இருக்கிறார். அங்கே தலைநகரைத் தாண்டினால் பல லட்சம் பேருக்கு ஒருவர்.

சரி, வழக்கறிஞர்களை அனுப்பிவைத்தால் தீர்ந்துவிடுமா? தீராது. ஏனென்றால் அந்த நாட்டில் சட்டமே இரண்டு. ஆங்கிலேயர் காலத்திலிருந்து வந்த எழுத்துச் சட்டம் ஒன்று. ஒவ்வொரு வட்டாரத்திலும் வழிவழியாக வரும் வழக்காற்றுச் சட்டம் இன்னொன்று. தலைநகருக்கு வெளியே நாடு அப்போது 149 ‘சீஃப்டம்’களாக, அதாவது பரம்பரைத் தலைவர்களின் ஆளுகைப் பகுதிகளாகப் பிரிந்திருந்தது. நிலம், திருமணம், கடன் என்று கிராமத்து மனிதரைத் தொடும் வழக்குகளில் பெரும்பாலானவை அங்குள்ள உள்ளூர் நீதிமன்றங்களுக்குத்தான் போகும். அந்த நீதிமன்றங்களில் வழக்கறிஞர்கள் வாதாடக் கூடாது என்று 1963ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. ஆயிரம் வழக்கறிஞர்கள் பஸ் ஏறி வந்திருந்தாலும் வாசலில்தான் நின்றிருப்பார்கள்.

அதற்கும் கீழே இன்னொரு அடுக்கு உண்டு. தீர்ப்புச் சொல்லும் அதிகாரமே இல்லாத சிறு தலைவர்கள் பஞ்சாயத்து கூட்டி அபராதம் போடுவார்கள். அதைக் கட்ட முடியாத இளைஞன் ஊரை விட்டு ஓடுவான். அப்படி ஓடியவர்களில் பலர் கையில் பிறகு துப்பாக்கி ஏறியது. போருக்குப் பின் அமைந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2004இல் தந்த அறிக்கை, ஊழலையும் அதிகார முறைகேட்டையும் போரின் வேர்களில் வைத்தது. ஓர் ஊரில் நடக்கும் சின்ன அநியாயம் சின்னதாகவே இருந்துவிடுவதில்லை என்பதை அந்த நாடு பெரும் விலை கொடுத்துக் கண்டது.

2003இல் சிமியோன் கொரோமா, விவேக் மாரு என்ற இரண்டு வழக்கறிஞர்கள் வேறு வழியில் யோசித்தார்கள். அவர்கள் தொடங்கிய அமைப்பு ‘டிமாப் ஃபார் ஜஸ்டிஸ்’. பள்ளிப் படிப்பு முடித்த உள்ளூர்க்காரர்களைத் தேர்ந்தெடுத்து, அடிப்படைச் சட்டமும் சமரசம் பேசும் முறையும் அரசு அலுவலகங்கள் இயங்கும் விதமும் கற்றுக்கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் பாராலீகல் எனப்படும் இவர்களை நாம் சட்டத்துணைவர் என்போம். ஊருக்குள்ளேயே இருந்து சாதாரணக் காய்ச்சலைத் தானே கவனித்து, கை மீறிப்போகும் நோயாளியை மட்டும் டாக்டரிடம் அனுப்பும் கிராமச் செவிலியரை நினைத்துக்கொண்டால் போதும்.

இந்த முறையின் விதை தென்னாப்பிரிக்காவில் விழுந்தது. நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் நகருக்குள் நடமாடவே அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அந்தச் சட்டச் சிக்கலில் மாட்டியவர்களுக்கு உதவ, 1950களின் இறுதியிலேயே ‘பிளாக் சாஷ்’ என்ற பெண்கள் அமைப்பு ஆலோசனை மையம் திறந்தது. இந்தியாவிலும் தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு 2009இல் சட்டத் தன்னார்வலர் திட்டத்தைக் கொண்டுவந்தது; நம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுக்களிலும் இவர்களைப் பார்க்கலாம்.

சட்டத்துணைவர் என்னதான் செய்கிறார்? சியரா லியோனில் அடிக்கடி வரும் ஒரு வகை வழக்கைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். கடைத்தெருவை ஒட்டி ஓர் அறை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, தடித்த பதிவேடு, வாசலில் மோட்டார் சைக்கிள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வருகிறாள். குழந்தையின் தகப்பன் பக்கத்து ஊரில்தான் இருக்கிறான், காசு தருவதில்லை. சட்டத்துணைவர் அவளுக்காகத் தீர்மானம் எடுப்பதில்லை. இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக விரிக்கிறார். உள்ளூர் நீதிமன்றம் போகலாம், அங்கே கட்டணம் உண்டு. காவல் நிலையத்தின் குடும்ப உதவிப் பிரிவுக்குப் போகலாம். அல்லது அவனை இங்கேயே கூப்பிட்டுப் பேசலாம். எது வேண்டும் என்று அவளே சொல்ல வேண்டும்.

பேசலாம் என்கிறாள். உடனே ஒரு கடிதம் போகிறது. மிரட்டல் கிடையாது, “இன்ன நாளில் வந்து உங்கள் தரப்பைச் சொல்லுங்கள்” என்ற அழைப்புதான். அவன் வருகிறான். முதலில் இருவரும் தனித்தனியே பேசுகிறார்கள், பிறகு சேர்ந்து. வேலை இல்லை என்கிறான் அவன். மாதம் இவ்வளவு முடியாது, அறுவடைக்குப் பின் முடியும் என்கிறான். கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். உடன்பாடு எழுதப்படுகிறது, இருவருக்கும் புரியும் மொழியில், கிரியோவிலோ மெண்டேயிலோ டெம்னேயிலோ, உரக்க வாசிக்கப்படுகிறது. கையெழுத்து, அல்லது பெருவிரல் ரேகை. அதோடு வேலை முடிவதில்லை. பணம் வந்ததா என்று பிறகு போய்ப் பார்ப்பதும் பதிவேட்டில் ஒரு வரி.

அவன் ஏன் வந்தான்? அழைத்தவர் போலீஸ் இல்லை, நீதிபதி இல்லை, தலைவரும் இல்லை. இந்த ஏற்பாட்டின் மிகக் கூர்மையான நுட்பம் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. சட்டத்துணைவர்களுக்குப் பின்னால் விரல்விட்டு எண்ணக்கூடிய சில வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். எல்லா வழியும் அடைபட்ட பிறகு, தேர்ந்தெடுத்த மிகச் சில வழக்குகளை மட்டும் அவர்கள் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போவார்கள். ஒரு தலைவர் ஒருவரை முறைகேடாக அடைத்துவைத்ததற்காக, ஒரு கம்பெனி இழப்பீடு தராததற்காக ஒரு முறை வழக்குப் போட்டால் போதும், சேதி சுற்றுவட்டாரம் முழுக்கப் பரவிவிடும். அதன் பிறகு போகும் நூறு அழைப்புக் கடிதங்களுக்கும் அந்த ஒரு வழக்கே பலம். அபூர்வமாக மட்டும் போவதாலேயே நீதிமன்றத்தின் வலிமை எல்லா ஊருக்கும் பங்கிட்டுக் கிடைக்கிறது. கொஞ்ச வழக்கறிஞர்களை வைத்து முழு நாட்டையும் எட்டும் கணக்கு இது. எனக்கு இதைவிட அழகான சிக்கனம் வேறொன்று தெரியவில்லை.

இரண்டு சட்டங்கள் என்பது முதலில் தொல்லையாகத் தோன்றியது அல்லவா? சட்டத்துணைவர் கையில் அதுவே வசதியாகிறது. நியாயமற்ற அபராதத்தை எழுத்துச் சட்டத்தைக் காட்டி எதிர்க்கலாம். அதே நேரத்தில், வழக்காற்றின்படியே மூத்த தலைவரிடம் முறையிட்டும் எதிர்க்கலாம். ஒரு வாசல் அடைத்தால் மறு வாசல். இப்படிச் செல்வாக்குப் பெறுகிறவரே நாளைக்கு ஒரு சின்னத் தலைவராகிவிட்டால்? அதற்கும் காப்பு வைத்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஊர்க்காரர்களைக் கொண்ட கண்காணிப்புக் குழு உண்டு. சட்டத்துணைவர் ஒழுங்காக வேலை செய்கிறாரா என்று அது பார்க்கும்.

கண்டத்தின் மறுபக்கம், மலாவியில், இதே யோசனை சிறைக்குள் நுழைந்தது. 2000ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய சட்ட ஆலோசனைச் சேவையின் துணைவர்கள், சிறைத்துறையோடு நடத்தை விதிகளை ஒப்புக்கொண்டு தினமும் சிறைக்குள் போய் வந்தார்கள். உள்ளே இருந்தவர்களில் பலர் குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். கோப்பு தொலைந்துபோனவர், காவல் உத்தரவு காலாவதியான பிறகும் அடைபட்டிருப்பவர், சிறுவன் என்று யாருக்கும் தெரியாமல் பெரியவர்களோடு கிடக்கும் பையன். இத்தனை பேருக்கும் ஆளுக்கொரு வழக்கறிஞர் எங்கிருந்து வருவார்?

அதனால் நாடகம் போட்டார்கள். சிறை முற்றத்தில் ஒரு கைதி நீதிபதியாகிறார், ஒருவர் அரசுத் தரப்பு, ஒருவர் குற்றம் சாட்டப்பட்டவர். “உனக்கு நிலையான வீடு இருக்கிறதா? ஓடிவிட மாட்டாய் என்பதற்கு யார் ஜாமீன்?” என்று நீதிபதி கேட்கிறார். தப்பாகப் பதில் சொன்னால் சுற்றி உட்கார்ந்திருக்கும் கூட்டமே திருத்துகிறது. அடுத்த வாரம் உண்மையான நீதிமன்றத்தில் அதே கேள்வி வரும்போது அந்த மனிதர் தடுமாறுவதில்லை. தன் ஜாமீனைத் தானே கேட்கிறார். இன்னொரு வழியும் உண்டு. துணைவர்கள் பட்டியலைத் தயாரித்துக்கொடுக்க, நீதிபதி சிறைக்கே வந்து விசாரிக்கிறார். இதற்கு முகாம் நீதிமன்றம் என்று பெயர்.

சட்டத்துணைவர்களால் பலன் உண்டு என்பதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். சியரா லியோனின் பக்கத்து நாடான லைபீரியாவில் ஜஸ்டின் சாண்டஃபர், பிலால் சித்திகி என்ற ஆய்வாளர்கள், மருந்தைச் சோதிப்பது போலவே, யாருக்கு முதலில் சட்டத்துணைவர் உதவி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்து, கிடைத்தவர்களையும் காத்திருந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். உதவி கிடைத்தவர்கள் லஞ்சம் கொடுப்பது குறைந்தது. கிடைத்த தீர்வும் அவர்களுக்குக் கூடுதல் மனநிறைவு தந்தது. அதோடு, அவர்கள் வீடுகளில் உணவுத் தட்டுப்பாடும் குறைந்தது. ஒரு சட்ட ஆலோசனை சோற்றுப் பானை வரை எட்டுகிறது! ஜீவனாம்சம் ஒழுங்காக வந்தால் அடுப்பு எரியும்தானே.

இனி அந்தத் தடித்த பதிவேட்டுக்கு வருவோம். ஒரு வழக்கு ஒரு கதைதான். ஆயிரம் வழக்குகளை அடுக்கிப் பார்த்தால் சட்டம் எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். விவேக் மாரு 2011இல் தொடங்கிய ‘நமாதி’ அமைப்பின் துணைவர்கள் சியரா லியோனில் நிலப் பிரச்சினைகளைக் கையில் எடுத்தபோது, ஒரே மாதிரிக் கிழிசல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. பெரிய கம்பெனிகளுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட, காலனிக் காலச் சட்டப்படி தலைவர்களின் ஒப்புதலே அப்போது போதுமானதாக இருந்தது. ஐம்பது ஆண்டுக் குத்தகை, ஆங்கிலத்தில் பத்திரம், கீழே ரேகை. அந்த மண்ணில் உழைத்த குடும்பங்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, விஷயமே பிறகுதான் தெரியவரும். துணைவர்கள் ஊர்க்காரர்களோடு எல்லையை நடந்து அளந்தார்கள், பத்திரத்தை வரி வரியாக விளக்கினார்கள், குத்தகையைத் திருத்தி எழுதப் பேச்சு நடத்தினார்கள். அந்த அனுபவத்தை அப்படியே மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சட்டம் இயற்றுகிறவர்கள் முன் வைத்தார்கள்.

சட்டத்துணைவர்கள் விஷயத்தில் அரசு முன்பே அசைந்திருந்தது. 2012இல் வந்த சட்ட உதவிச் சட்டம் சட்டத்துணைவர்களை அங்கீகரித்து, ஒவ்வொரு சீஃப்டமிலும் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. சம்பளத்துக்குப் பணம் திரட்டுவது இன்றும் கடினம்தான். அரசே முழுச் சம்பளமும் கொடுத்தால், அரசை எதிர்த்துக் கடிதம் எழுதும் துணிவு துணைவருக்கு இருக்குமா என்ற கேள்வியும் நியாயமானது. ஒரு பங்கு அரசிடமும் ஒரு பங்கு வெளியிலிருந்தும் வருவதே பாதுகாப்பு என்று எனக்குத் தோன்றுகிறது.

2022இல் வந்தது வழக்காற்று நில உரிமைச் சட்டம். குடும்ப நிலத்தை இனி ஒரு கம்பெனி எடுக்க வேண்டுமானால், அந்தக் குடும்பத்தின் வயதுவந்த ஆண்கள், பெண்கள் அனைவரிலும் 60 சதவீதத்தினர் முன்கூட்டியே விவரம் அறிந்து சம்மதிக்க வேண்டும். நிலத்தில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே உரிமை. எழுதி முடித்தாகிவிட்டது, ஆனால் 60 சதவீதம் என்பதை யாராவது எண்ண வேண்டுமே. குடும்பத்தில் மொத்தம் எத்தனை பேர், வெளியூர் போன மகன் கணக்கில் உண்டா, கட்டிக்கொடுத்த மகளின் பெயர் பட்டியலில் ஏறியதா, சம்மதித்தவர் புரிந்துதான் சம்மதித்தாரா? வீடு வீடாகக் கேட்டு எழுதும் அந்த வேலையும் சட்டத்துணைவர்களின் மேசைக்கே வந்து சேர்ந்திருக்கிறது.