"தூக்காதே, நகர்த்து!" ஆஸ்பத்திரி ஊழியர்களின் இடுப்பைக் காக்கும் பாடம்

"ஏம்மா, இங்க ஒரு கை புடி!"

ஆஸ்பத்திரி ஆயாக்களும் வார்டு பாய்களும் தினமும் கேட்கும் குரல் இது. அவசரத்தில் குனிந்து தூக்குகிறார்கள். "வெறும் சுளுக்குதான்" என்று தைலம் தேய்த்துக்கொண்டு மறுநாளும் வேலைக்கு வருகிறார்கள். ஒருநாள் இடுப்பு நிமிர மறுக்கிறது. அத்தோடு பிழைப்பும் போகிறது!

16 கிலோதான்!

நோயாளியைக் கையால் தூக்கும்போது ஒருவர் மீது விழும் பாரம் சுமார் 16 கிலோவைத் தாண்டக்கூடாது என்று அமெரிக்க நிபுணர் தாமஸ் வாட்டர்ஸ் 2007-ல் கணக்குச் சொன்னார். ஒரு சிப்பம் அரிசியே 25 கிலோ! அரிசி மூட்டை திமிறாது. நோயாளி திமிறுவார், வழுக்குவார்.

பயிற்சி என்ன?

முதலில் கட்டிலை வேலைக்குத் தகுந்த உயரத்துக்கு மாற்ற வேண்டும். சக்கர நாற்காலிக்கு பிரேக் போடவேண்டும். "இப்ப எழுந்திருக்கப் போறோம்" என்று நோயாளியிடம் சொல்லவேண்டும். முடிந்தவர் தாமே பாதி எழுந்துவிடுவார். அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ள விடக்கூடாது. இடுப்பைத் திருகாமல் காலை எடுத்துவைத்துத் திரும்பவேண்டும்.

படுக்கையில் மேலே ஏற்ற, வழுக்கும் விரிப்பைப் போட்டு இரண்டு பேர் நகர்த்தவேண்டும். சாய்கிறவரைத் தூக்கி நிறுத்தப் பார்க்காமல், மெல்லத் தரையில் உட்கார வைக்கவேண்டும்.

பாடம் மட்டும் போதுமா?

போதாது! தூக்கும் கருவியும் போதிய ஆளும் இல்லாத வார்டில் பாடம் நோட்டிலேயே தங்கிவிடும். அதைக் கொடுக்கவேண்டியது நிர்வாகம்.

நோயாளி குணமாகி வீட்டுக்குப் போகவேண்டும். அவரைத் தூக்கியவர் படுக்கையில் விழலாமா?