போலிப் பறப்பும் மீளத் தோன்றும் பழுதுகளும்

தரையில் இருந்தவாறே பறப்புப் பயிலும் பொறியொன்றை அமெரிக்கரான எட்வின் லிங்க் என்பார் 1929 ஆம் ஆண்டளவில் அமைத்தார். ஓர்கன் வாத்தியஞ் செய்யுந் தொழிலகத்தில் வளர்ந்த அவர், அவ்வாத்தியத்தின் துருத்திகளைக் கொண்டே பொறியை அசைவித்தார். 1982 இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் வெளியிட்ட மென்பொருளும் அதன் வழிவந்தனவும் அப்பயிற்சியை வீட்டுக் கணினிக்குக் கொணர்ந்தன. ‘சிமுலேற்றர்’ எனப்படும் இப்போலிப் பறப்பில் ஒரே பழுது மீண்டும் மீண்டும் தோன்றுதல் உண்டு. கணினியை நிறுத்தி மறுபடி இயக்கினால் அது மறையலாம். ஆயின், காரணம் அறியப்படாது மறைந்த பழுது தீர்ந்த பழுதாகாது.

இப்பழுதுகள் பிறக்கும் இடங்கள் மூன்று எனலாம். முதலாவது, போலி விமானமே. ஈரலிப்பான நாளிற் சிறு விமானமொன்றின் இயந்திரச் சுழற்சி படிப்படியாகக் குறைந்து, இறுதியில் இயந்திரம் நின்றுவிடும். காபுரேற்றருள் எரிபொருள் ஆவியாதலாலும் வளி விரிதலாலும் வெப்பநிலை பெரிதும் தாழ்கின்றது. ஆதலின் வெளியே 20 பாகை செல்சியஸ் நிலவும்போதும் உள்ளே பனிக்கட்டி படியக்கூடும். இது மென்பொருளின் குறையன்று. இயற்கையை அது செவ்வனே காட்டியமையாகும். காபுரேற்றருக்கு வெப்பமூட்டும் பிடியை இழுத்துச் சிறிது பொறுத்தால் இயந்திரம் தேறும். சில விமான மாதிரிகள் ஒரு பறப்பின் தேய்வை அடுத்த பறப்புக்கும் கொண்டுசெல்வன என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இரண்டாவது, செலுத்துவோரின் தவறுகை. பிற்றோ குழாயின் வெப்பமூட்டியை இயக்காது குளிர்முகிலுட் புகின், குழாயின் வாய் உறைபனியால் அடைபட்டு வேகமானி பொய்யுரைக்கும்.

மூன்றாவது, கணினியும் அதனோடு இணைந்த கருவிகளும். தன்னியக்க ஓட்டி காரணமின்றி விடுபடுவதாகத் தோன்றின், ஜோய்ஸ்ரிக்கை ஐயுறுதல் வேண்டும். அதன் உட்பகுதி தேய்ந்தவிடத்து, கை படாதபோதும் நடுங்கும் சைகைகள் கணினியை அடையும். விமானி பிடியை அசைத்ததாகவே மென்பொருள் கொள்ளும்.

இவற்றைப் பிரித்தறியும் நெறி எளிது. பழுது தோன்றிய உயரம், வானிலை, ஆளிகளின் நிலை ஆகியவற்றை முதலிற் குறித்தல் வேண்டும். பின்னர் ஒரு வேளைக்கு ஒன்றை மட்டுமே மாற்றல் வேண்டும். விமானத்தை மாற்றியும் பழுது தொடரின் கருவியையும், கருவியை மாற்றியும் தொடரின் விமானத்தையும் ஆராய்தல் தகும். பலவற்றை ஒருங்கே மாற்றுவோர் பழுதை நீக்கினும் காரணத்தை அறியார்.

இந்நெறி விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1996 பெப்ரவரி 6 ஆம் நாள், டொமினிக்கன் குடியரசின் புவேர்ட்டோ பிளாற்றாவிலிருந்து போயிங் 757 விமானமொன்று புறப்பட்டது. ஓடுபாதையிலேயே தலைமை விமானியின் வேகமானி இயங்காமை கண்டறியப்பட்டது. எனினும் பறப்பு கைவிடப்படவில்லை. மேலெழும்போது அம்மானி இயங்கத் தொடங்கியது போலத் தோன்றியது. உண்மையில், அடைபட்ட குழாயுட் சிறைப்பட்ட அமுக்கம் மாறாதிருக்க, வெளியமுக்கம் உயரத்தோடு குறைந்தமையால் முள் ஏறியது. பொய்வேகத்தை மெய்யெனக் கொண்டதனால் விமானம் வேகமிழந்து கடலில் வீழ்ந்தது; 189 பேர் மாண்டனர்.

தானே மறைந்த பழுதையும் விடாது ஆராயும் பழக்கத்தை உயிர்ச்சேதமின்றிப் பயில இடமளிப்பதே போலிப் பறப்பின் பெரும் பயனாகும்.