நாய்க்குப் புற்றுநோய்: விடைகொடுக்கும் நாளை எப்படி முடிவுசெய்வது?

தாடைக்குக் கீழே, முழங்காலுக்குப் பின்னால் வீக்கம். தொட்டால் நாய்க்கு வலிக்காது. சாப்பிடும், வாலை ஆட்டும். அதனாலேயே பலர் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

நாய்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய்களில் ஒன்றான 'லிம்ஃபோமா' பெரும்பாலும் இப்படித்தான் தெரியவரும். வீங்குவது நிணநீர்க் கணுக்கள். விலங்கு மருத்துவர் மெல்லிய ஊசியால் உயிரணுக்களை எடுத்துச் சோதிப்பார்.

கீமோ கொடுக்கலாமா?

நாய்களுக்குக் கீமோ கொடுப்பது பெரும்பாலும் நோயைக் குணப்படுத்த அல்ல. நல்ல நாள்களைக் கூட்டத்தான். அதனால் மருந்தின் வீரியமும் குறைவு. பெரும்பாலான நாய்களுக்கு முடி கொட்டாது. 'பூடல்' போல முடி வளர்ந்துகொண்டே இருக்கும் இனங்களுக்குக் கொட்டலாம்.

சிகிச்சையே இல்லாவிட்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதம்தான். பல மருந்துகள் சேர்ந்த கீமோ கொடுத்தால் பல நாய்கள் ஏறக்குறைய ஓராண்டு வாழும். லிம்ஃபோமாவின் வகையைப் பொறுத்து அது மாறும்.

ஒன்றை மறக்காதீர்கள். 'பிரட்னிசோலோன்' எனும் ஸ்டீராய்ட் மாத்திரையைத் தொடங்குமுன், கீமோ வேண்டுமா என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள். மாத்திரையை முதலில் கொடுத்துவிட்டால் கீமோ பிறகு சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

கீமோ வேண்டாம் என்று முடிவெடுத்தால் பாசம் குறைவு என்று அர்த்தமில்லை. செலவு, நாயின் வயது, மருந்தக வாசலைப் பார்த்தாலே நடுங்கும் சுபாவம்... எல்லாமே கணக்கில் வரும்.

எப்போது போதும்?

இதுதான் ஆகக் கடினமான கேள்வி.

அமெரிக்க விலங்கு மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஓர் அளவுகோலை உருவாக்கினார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் அதிகமா என 7 அம்சங்கள். ஒவ்வொன்றுக்கும் 10 வரை மதிப்பெண். மொத்தம் 35ஐத் தாண்டினால் வாழ்க்கைத் தரம் பரவாயில்லை.

எண் மட்டும் முடிவு சொல்லிவிடாது. ஆனால் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்லும்போது கைகொடுக்கும். "இன்னிக்குக் கொஞ்சம் சாப்பிட்டான்ல?" என்பார் அம்மா. இரவெல்லாம் கூடவே விழித்திருந்த அண்ணன் வேறு கணக்குச் சொல்வார். நாள்காட்டியில் நல்ல நாளையும் கெட்ட நாளையும் குறித்து வாருங்கள்.

அந்த நாளில் வழக்கமாக முதலில் மயக்க மருந்து, பிறகு ஊசி. சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடும். கண்கள் திறந்தே இருக்கலாம். ஓரிரு முறை மூச்சு வருவதுபோலவும் தோன்றலாம். அது வலியால் அல்ல.

அதற்குப் பிறகு

"நாய்தானே, இன்னொன்னு வாங்கிக்கலாம்."

சொல்பவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் வலிக்கும். பிறர் அங்கீகரிக்காத இத்தகைய துக்கத்தைப் பற்றி ஆய்வாளர் கென்னத் டோகா 1989இலேயே ஒரு நூல் வெளியிட்டார். துக்கம் கேட்க யாரும் வருவதில்லை, விடுப்பும் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

'சீக்கிரம் அனுப்பிட்டோமோ?' 'ரொம்ப இழுத்துட்டோமோ?' இரண்டு கேள்வியும் ஒரே ஆளுக்கு ஒரே இரவில் வரும். அப்போது அந்த நாள்காட்டியை எடுத்துப் பாருங்கள்.

குட்டிப் பிள்ளைகளிடம் 'தூங்க வச்சுட்டாங்க' என்று சொல்லாதீர்கள். அவர்கள் தூங்கவே பயப்படலாம். 'செத்துப்போச்சு, இனிமே வராது' என்று நேராகச் சொல்வது நல்லது.

துக்கம் தாங்க முடியாமல் போனால் எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம்.

சிங்கப்பூரில் நாய் இறந்ததை விலங்குநல, கால்நடை மருத்துவச் சேவைக்குத் தெரிவித்து உரிமத்தை ரத்துசெய்ய வேண்டும். இணையத்தில் செய்யும் சின்ன வேலைதான். ஆனால் பெயரைப் பார்த்ததும் கை நின்றுவிடும். நண்பர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.