ஃபீடைக் குறைத்தால் கட்டர் பிழைக்குமா?

புனே போசரியில் டூல்ரூம் வேலை எனக்கு. மலருக்கு “தொழில் சம்பந்தமா ஒண்ணு எழுதுங்க சார்” என்று செயலாளர் கேட்டதும் ஒரு நைட் ஷிப்டுதான் ஞாபகம் வந்தது.

பிளாஸ்டிக் அச்சுக்கான பி20 எஃகுக் கட்டை. 50 மி.மீ. ஹை-ஃபீடு கட்டர், நாலு இன்சர்ட். ஒரே ராத்திரியில் மூன்று செட் இன்சர்ட் கருகிப் போயிருந்தது. சம்பளத்தில் பிடிக்கச் சொல்லிவிட்டார் மேலாளர். ஆபரேட்டர் மதுரைப் பக்கத்துப் பையன். “வேகமா ஓட்டலைண்ணே, பயந்துபோய் ஃபீடைக் குறைச்சுத்தான் ஓட்டினேன்” என்றான்.

கோளாறே அதுதான்.

சாதாரண ஷோல்டர் கட்டரில் வெட்டும் விளிம்பு 90 டிகிரியில் நிற்கும். பல் ஒன்றுக்கு 0.15 மி.மீ. ஃபீடு என்றால் சீவலின் தடிமனும் ஏறக்குறைய அதே. ஹை-ஃபீடு கட்டரில் விளிம்பு 10 டிகிரி அளவில் படுத்திருக்கும். வாழைக்காயைச் சாய்த்துச் சீவினால் வில்லை நீளமாகவும் மெல்லிசாகவும் வருமே, அப்படி. ஃபீடை அந்தக் கோணத்தின் சைனால் (0.17) பெருக்கினால் சீவலின் தடிமன். ஆக, பல்லுக்கு 1 மி.மீ. கொடுத்தால்தான் 0.17 மி.மீ. சீவல் கிடைக்கும்.

வெட்டு வேகம் நிமிஷத்துக்கு 150 மீட்டர் என்று வைத்தால் இந்தக் கட்டருக்கு 955 சுற்று. 955 × 4 × 1 = நிமிஷத்துக்கு 3820 மி.மீ. ஃபீடு. மேசை பாய்வதைப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்கும்! பையன் ஓவர்ரைடு குமிழை 20 சதவீதத்துக்குத் திருப்பிவிட்டான். சுற்று குறையவில்லை, பல்லுக்கான ஃபீடு மட்டும் 0.2 ஆகி, சீவல் 0.035 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. இன்சர்ட் விளிம்பை உறுதிக்காகச் சற்றே மழுக்கித்தான் செய்வார்கள். இத்தனை மெல்லிய சீவலை அது வெட்டாது, தேய்க்கும். வெட்டினால் சூட்டில் பெரும்பங்கு சீவலோடு பறந்துவிடும். தேய்த்தால் விளிம்பிலேயே தங்கும்.

பயமாக இருந்தால் ஆழத்தைக் குறைக்கலாம். இந்தக் கட்டருக்கு 0.8 மி.மீ.யே தாராளம். சுற்றையும் ஃபீடையும் ஒரே விகிதத்தில் சேர்த்தும் குறைக்கலாம். விசை பெரும்பாலும் ஸ்பிண்டில் அச்சுவாக்கில் மேல்நோக்கிப் போவதால் நீண்ட ஆர்பரிலும் அதிர்வு குறைவு. பள்ளத்தின் மூலைகளில்தான் ஜாக்கிரதை வேண்டும். அங்கே கட்டர் திடீரென்று அதிக உலோகத்தைக் கவ்வும்.

மேலாளர் முன்னிலையில் புது இன்சர்ட் போட்டு, காற்று மட்டும் ஊதி, குமிழை 70, 85, 100 என்று ஏற்றினோம். கிரீச்சொலி அடங்கி, சீவல் நீலமாகத் தெறித்தது. அந்த ஒரு செட்டிலேயே கட்டை முடிந்தது. சம்பளப் பிடித்தத்தை விட்டுவிட்டார்கள். போன மூன்று செட்டுக்கு விளக்கக் கடிதம் மட்டும் நான் எழுத வேண்டியதாயிற்று.